அளம் என்னும் சிறுசொல்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என அன்பர்கள் பணித்தபோது, எதை எழுதுவது என்று நான் நெடுநேரம் எண்ணவில்லை. எனக்கு ஒரு கடன் இருந்தது. பத்தாண்டுகளாகத் தீர்க்கப்படாத கடன். அதை இம்மலரில் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

நம் வட்டத்தின் முதல் கூட்டத்தில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மரக்காணத்து மண்ணிலே, உப்புக் காற்று வீசும் மாலையிலே, உப்பைப் பற்றிப் பேசாமல் வேறெதைப் பேசுவது? "சம்பளம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சம்பாவும் அளமும் சேர்ந்ததே சம்பளம். சம்பா நெல், அளம் உப்பு. நெல்லும் உப்பும் கூலியாகப் பெற்ற தமிழனின் வாழ்வு அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. உரோமானியன் தன் வீரனுக்கு உப்பைக் கூலியாகத் தந்தான். அதனால்தான் ஆங்கிலத்தில் சேலரி என்ற சொல் பிறந்தது. உலகம் முழுதும் உழைப்பின் விலை உப்பே" என்று முழங்கினேன். கைத்தட்டல் எழுந்தது. என் பேச்சில் அதுவே சிறந்த பகுதி என்று பலரும் பாராட்டினர்.

கூட்டம் கலைந்தபின், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி அருகில் வந்தார். இளமை முதல் அளத்தில் வேலை செய்தவர். காலும் கையும் உப்புநீரில் ஊறி வெடித்தவர். அவர் சொன்னது இது: "ஐயா, நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அளத்துல வேல செஞ்ச எங்களுக்கு உப்ப யாரு கூலியாக் கொடுத்தா? உப்புதான் எங்க காலடியில கெடக்குதே. எங்களுக்கு வேண்டியது நெல்லு." இதைச் சொல்லிவிட்டு அவர் தம் வழியே சென்றுவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்னதற்குச் சான்று என்ன என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை. அளம் என்ற மூன்றெழுத்துச் சொல்லில் தொடங்கிய தேடல் ஐரோப்பிய மொழிகளின் மற்றொரு சிறுசொல்லிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டையும் சேர்த்தே காண்போம்.

அளமும் அதன் சுற்றமும்

அளம் என்பது முதன்மையாக ஓர் இடத்தின் பெயர். உப்பு விளையும் பாத்திகள் நிறைந்த நிலமே அளம். உப்பளம் என்று இன்று நாம் விரித்துச் சொல்வதைப் பழந்தமிழர் அளம் என்றே சொன்னார்கள். உவர்நிலம், நெய்தல்நிலம் என்ற பொருள்களும் அகராதிகளில் உண்டு. அளக்கர் என்பது கடலைக் குறிக்கும். அளவர் என்பார் உப்பு விளைப்போர். அளறு என்றால் சேறு. இச்சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கழிமுகத்துச் சேற்றையும் உவரையும் கடலையும் ஒருங்கே கண்ட மக்களின் கண் நமக்குத் தெரிகிறது.

ஊர்ப்பெயர்களிலும் அளம் வாழ்கிறது. திருவாரூர் மாவட்டத்துப் பேரளம் அதற்குச் சான்று. கோவளம் என்ற பெயரைக் கோ, அளம் எனப் பிரித்துப் பொருள் கொள்வோர் உளர். நமக்கு மிக அருகில், புதுச்சேரி நகரிலேயே உப்பளம் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று அங்கே விளையாட்டரங்கம் உண்டு, வீதிகள் உண்டு. உப்புப் பாத்தி இல்லை. நிலம் மாறினும் பெயர் மாறவில்லை.

அளத்தில் நடப்பதை நம் வட்டத்தினர் அறிவர். வெளியூர் அன்பர்களுக்காகச் சில வரிகள். மண்ணை மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டுவார்கள். உவர்நீரை முதலில் அகன்ற தேக்கங்களில் நிறுத்தி வெயிலில் செறிவாக்குவார்கள். செறிந்த நீரைப் பாத்திகளுக்குத் திருப்புவார்கள். நீர் வற்ற வற்ற அடியில் பளிங்குபோல் உப்பு பூக்கும். நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் அதை வாரி வரப்பில் குவிப்பார்கள். தை, மாசியில் தொடங்கும் இவ்வேலை வடகிழக்குப் பருவமழை வரும் வரை நடக்கும். கோடையில் ஒரு மழை பெய்தாலும் விளைந்தது கரைந்துபோகும். உலகம் மழைக்கு ஏங்கும் நாளில் மழை வேண்டாம் என்று வானத்தைப் பார்க்கும் உழவர் இவர் ஒருவரே. ஏரும் இல்லை, விதையும் இல்லை. ஆயினும் விளைச்சல் உண்டு. இவர்களை உழாமல் விளைக்கும் உழவர் என்று கண்ட சங்கப் புலவர்களின் பார்வை எத்துணை நுட்பமானது!

எயிலும் சோவும்

இக்கடற்கரையின் பழமை பற்றியும் சிறிது கூற வேண்டும். சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு நமக்கு வடக்கே, கூப்பிடு தொலைவில் உள்ளது. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு என்று பெயரே விளக்கம் சொல்கிறது. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூசு என்னும் கடல்வழிக் கையேடு, இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைக் குறிக்கிறது. பொதுகே புதுச்சேரியை ஒட்டியது என்பர். சோபட்மா எது? சோ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்குத் தமிழில் அரண், மதில் என்று பொருள். எயில் என்பதும் மதிலே. ஆகவே சோப்பட்டினம், எயிற்பட்டினம் இரண்டும் ஓரூரின் இரு பெயர்கள் என்று அறிஞர் கொண்டனர். ஓரெழுத்துச் சொல் ஒன்று, கிரேக்க மாலுமியின் காதில் விழுந்து, ஈராயிரம் ஆண்டு கழித்து நமக்கு ஊரை அடையாளம் காட்டுகிறது. சிறுசொல்லின் ஆற்றல் இத்தகையது.

ஆனால் இதிலிருந்து இன்னொன்றையும் கற்க வேண்டும். சோவும் எயிலும் ஒன்று என்பது ஒலியை மட்டும் கேட்டுச் சொன்னதன்று. பொருள் ஒத்தது, இடம் ஒத்தது, துறைகளின் வரிசை ஒத்தது, காலமும் அணுகி வந்தது. நான்கு கால்களில் நிற்கும் கட்டில் அது. நான் மேடையில் சொன்ன சம்பளமோ ஒற்றைக் காலில் நின்றது.

மேற்கே ஒரு சிறுசொல்

இலத்தீனில் உப்புக்குச் சால் என்று பெயர். இச்சொல்லின் உறவினர் ஐரோப்பா முழுதும் பரந்து கிடக்கின்றனர். கிரேக்கத்தில் ஃகால்சு, ஆங்கிலத்தில் சால்ட், செருமானியத்தில் சால்ட்சு, உருசியத்தில் சோல், ஐரியத்தில் சலன், வேல்சு மொழியில் ஃகாலன். கிரேக்கத்திலும் வேல்சு மொழியிலும் சகரம் நிற்க வேண்டிய இடத்தில் மூச்சொலி நிற்பதைக் காண்க. இது தற்செயல் அன்று. கதிரவனுக்கு இலத்தீனில் சோல் என்றால், கிரேக்கத்தில் ஃகீலியோசு, வேல்சு மொழியில் ஃகைல். ஒரு சொல்லில் நிகழ்ந்த மாற்றம் இன்னொரு சொல்லிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. இவ்வொழுங்கே உறவுக்குச் சான்று.

நம் மொழிக்குடும்பத்திலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. தமிழின் பால் கன்னடத்தில் ஃகாலு. பல் என்பது ஃகல்லு. பத்து என்பது ஃகத்து. சொல்முதற் பகரம் கன்னடத்தில் மூச்சொலி ஆயிற்று. ஆயினும் உப்பு கன்னடத்திலும் உப்பு என்றே நிற்கிறது. அங்கே பகரம் சொல்லின் இடையில் இரட்டித்து நிற்பதால் மாறவில்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் அது உப்பே. நான்கு மொழிகளும் கரையாமல் காத்த சொல் அது.

இனி, ஒலி ஒத்தும் உறவு இல்லாதவற்றைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியை நம் பக்கத்து நகரத்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதில் உப்புக்குச் செல் என்று பெயர். இது இலத்தீன் சாலின் பிள்ளை. அதே மொழியில் சல் என்று ஒலிக்கும் ஒரு சொல்லுக்கு அழுக்கு என்று பொருள். சல் என்றே ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்குக் கூடம் என்று பொருள். இவ்விரண்டும் உப்புக்கு உறவல்ல, தமக்குள்ளும் உறவல்ல. இரண்டும் பழஞ்செருமானிய மொழிகளிலிருந்து வெவ்வேறு வழியில் வந்தவை. சுவீடன் மொழியிலும் சால் என்றால் கூடமே. இசுப்பானியத்தில் சல் என்றால் உப்பு. அதே சல், ஏவல் வினையாக நின்றால் வெளியே போ என்று பொருள்படும். அது குதித்தலைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வேல்சு மொழியில் சால் என்றால் நோயுற்ற என்று பொருள்.

இவ்வளவு ஏன்? தமிழிலேயே சால் உண்டு. ஏர் கீறிய தடம் உழவுச்சால். நீர் நிறைக்கும் பெரிய கலமும் சால். சால்பு என்ற உயர்ந்த பண்புக்கும் சால் என்பதே அடி. உழவுச்சாலையும் உரோமச் சாலையும் உறவாக்கிக் கதை கட்ட ஒருவர் முயன்றால், ஒரு மாலைப் பொழுதுக்குள் கட்டிவிடலாம். கேட்பவர்களும் கை தட்டுவார்கள். நான் அறிந்து சொல்கிறேன்.

கூலியும் உப்பும்

உரோம வீரனுக்கு உப்பு கூலியாகத் தரப்பட்டது என்ற செய்திக்கு வருவோம். இலத்தீனில் சலாரியம் என்றொரு சொல் உண்டு. உதவித்தொகை, ஊதியம் என்று பொருள். சால் என்பதிலிருந்து அது பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தின் சேலரியும் பிரெஞ்சின் சலேரும் அதன் வழி வந்தவை. ஆனால் உப்பிலிருந்து பிறந்த சொல் எவ்வாறு ஊதியத்தைக் குறித்தது என்பதை எந்தப் பழைய நூலும் தெளிவாகச் சொல்லவில்லை. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, தம் இயற்கை வரலாற்றின் 31ஆம் பகுதியில், போர்ச் சிறப்புகளோடும் உப்புக்குத் தொடர்புண்டு, சலாரியம் என்ற சொல் அதனால் வந்தது என்ற அளவில் சொல்லி நகர்கிறார். உப்பையே கூலியாக அளந்து கொடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உரோம வீரர்கள் பெற்றது காசு. அக்கூலிக்கு அவர்கள் வைத்த பெயரும் வேறு: சுடைபெண்டியம். அச்சொல்லில் இருப்பது காசை எடை போட்டுக் கொடுத்தல் என்ற கருத்தே. உப்புக் கூலிக் கதை பிற்காலத்தார் சேர்த்தது.

போர்வீரனைக் குறிக்கும் சோல்சர் என்ற ஆங்கிலச் சொல்லும் உப்பிலிருந்து வந்ததே என்று சொல்வாரும் உண்டு. அதுவும் அன்று. கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சுடன்டைன் மன்னன் அடித்த பொற்காசின் பெயர் சொலிதசு. அக்காசைக் கூலியாகப் பெற்றவன் என்ற பொருளிலிருந்து வளர்ந்ததே அச்சொல். உப்பு போல ஒலிக்கிறது. உள்ளே இருப்பதோ பொன்.

செருமானிய நாடுகளில் ஃகால், ஃகாலே, ஃகால்சுடாட் என உப்பெடுக்கும் ஊர்கள் உண்டு. இவை கெல்டியர் வைத்த பெயர்கள், கெல்டிய மொழியில் ஃகால் என்றால் உப்பு என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். வேல்சு மொழியின் ஃகாலன் அதற்குத் துணை நின்றது. ஆனால் சகரம் மூச்சொலியான மாற்றம் பிரித்தன் தீவுக் கெல்டியத்தில் பிற்காலத்தில் நிகழ்ந்தது; ஐரோப்பிய நிலப்பரப்பில் வழங்கிய பழங்கெல்டியத்தில் சகரம் சகரமாகவே இருந்தது. ஆகவே அவ்விளக்கத்தை இன்று பலர் ஐயுறுகின்றனர். அழகிய சொற்பிறப்புக் கதைகளைக் கைவிட நேர்ந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பது ஓர் ஆறுதல்.

சம்பளத்தின் வழக்கு

இப்போது சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். சம்பாவும் அளமும் சேர்ந்தது என்ற விளக்கத்தைத் தமிழார்வலர் பலர் அன்போடு போற்றி வருகின்றனர். அவர்கள் நோக்கத்தில் குறை காண நான் வரவில்லை. ஆனால் வழக்கு மன்றத்தில் நிறுத்தினால் அவ்விளக்கம் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, சம்பா. சங்கப் பாடல்களில் நாம் காணும் நெல்வகைப் பெயர்கள் செந்நெல், வெண்ணெல், ஐவனம், தோரை முதலியன. சம்பா என்ற பெயர் அங்கு இல்லை. பிற்காலத்துப் பெயரைக் கொண்டு தொன்மைக் கூலியை விளக்குவது எவ்வாறு?

இரண்டாவது, அளம். அது இடத்தின் பெயர் என்று கண்டோம். உப்பு என்ற பொருளிலும் அதை ஏற்றாலும், அளத்தைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்று காட்டும் பாட்டு வேண்டும், அல்லது கல்வெட்டு வேண்டும். கூலி என்ற சொல்லோ திருக்குறளிலேயே உண்டு. கூலி பெற்றோர் அளம் பெற்றனர் என்பதற்கு அத்தகைய சான்று என் கண்ணில் படவில்லை.

மூன்றாவது, அண்டை வீட்டுச் சாட்சி. கன்னடத்தில் சம்பளம் உண்டு. தெலுங்கில் சம்பளமு உண்டு. பாலி மொழியில் சம்பலம் என்ற சொல் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொள்ளும் உணவைக் குறிக்கிறது. புத்தர் கூறியதாக வரும் உரை ஒன்றில், கணவனும் மனைவியும் தம் ஒரே மகனோடு சிறிதளவு சம்பலம் எடுத்துக்கொண்டு பாலை வழியைக் கடக்கப் புறப்படுகிறார்கள். நடுவழியில் அது தீர்ந்துபோகிறது. வடமொழியிலும் சம்பலம் வழியுணவே. கட்டுச்சோறு கொடுத்து ஒருவனை வேலைக்கு அனுப்பிய காலத்திலிருந்து கூலிப் பொருள் கிளைத்திருக்கலாம் என்பது இயல்பாகப் பொருந்துகிறது. அச்சொல் வடக்கிலிருந்து வந்ததா, தெற்கிலிருந்து சென்றதா என்பது வேறு வழக்கு. ஆனால் அதன் வயிற்றில் இருப்பது உப்பு அன்று, வழிச்சோறு என்றே சான்றுகள் காட்டுகின்றன.

ஆக, உரோமச் சொல்லில் பிறப்பு உண்மை, கதை பொய். நம் சொல்லில் பிறப்பே ஐயத்துக்குரியது. இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்தி நான் மேடையில் பேசினேன். பொய்ச்சாட்சி இருவர் கூடினால் மெய் ஆகிவிடாது.

ஒரு பெண்ணின் கூவல்

அப்படியாயின் நெல்லுக்கும் உப்புக்கும் உறவே இல்லையா? உண்டு. அது சொற்பிறப்பில் இல்லை, பாட்டில் இருக்கிறது.

அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்களைப் பாருங்கள். இரண்டையும் பாடியவர் அம்மூவனார். உமணர் மகள் ஒருத்தி தெருத்தெருவாக உப்பு விற்று வருகிறாள். நெல்லுக்குச் சமமாக உப்பு என்று விலை கூவுகிறாள். புதிய குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் அஞ்சி மருள்கின்றன. அந்த ஒரு கணத்தில் தலைவன் நெஞ்சு இழக்கிறான். ஓர் அளவை நெல்லுக்கு ஓர் அளவை உப்பு: பண்டைய கடைவீதியின் விலைப்பட்டியல் ஒரு பெண்ணின் வாயில், ஒரு காதற்பாட்டின் நடுவில் பதிவாகியிருக்கிறது.

அம்மூதாட்டி சொன்னதும் இதுவே அன்றோ? அளத்து மக்களுக்கு உப்பு காலடியில் கிடக்கிறது, வேண்டியது நெல். அதனால்தான் உமணர் வண்டி கட்டிக்கொண்டு உள்நாடு சென்றார்கள். சிறுபாணாற்றுப்படையில் கொற்கையைப் பாடுமிடத்தில் அவ்வண்டிகளோடு ஒரு மந்தியும் வருகிறது. உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலில் முத்தை இட்டு ஆக்கிய கிலுகிலுப்பையை அது ஆட்டி விளையாடுகிறது. உப்பு கடலிலிருந்து காட்டுக்குப் போயிற்று; நெல் வயலிலிருந்து கரைக்கு வந்தது. அது கூலி அன்று, பண்டமாற்று. எழுதப்படிக்க அறியாத மூதாட்டி சொன்னது சங்கப் பாட்டோடு பொருந்தியது. நூல் படித்த நான் சொன்னது பொருந்தவில்லை.

390ஆம் பாடலில் இன்னும் ஒரு நயம். விலை கூவி வந்தவளை வழிமறித்த தலைவன், விற்கும் உப்பின் விலை தெரிந்தது, உன் மேனியில் வாழும் உப்பின் விலைதான் தெரியவில்லை என்னும் கருத்துப்படப் பேசுகிறான். உப்பு என்ற சொல் அங்கே இனிமையாக, அழகாக, இன்பமாக மாறுகிறது.

உப்பின் இனிமை

இம்மாற்றம் நம் கவிஞருக்கு மட்டும் தோன்றியதன்று. வடமொழியில் உப்பு லவணம். அதிலிருந்து பிறந்த லாவண்யம் அழகின் பெயர். இலத்தீனில் சால் என்றால் உப்பு; நகைச்சுவையும் சொல்நயமும் சாலே. அறிவின் இன்பங்களையும் உப்பின் பெயரால் அழைக்கிறோமே என்று பிளினி வியக்கிறார். உப்புச்சப்பில்லாத பேச்சு என்று நாம் சொல்வதன் மறுபக்கம் அது. இலித்துவேனிய மொழியில் சால்துசு என்றால் இனிப்பு! உருசியத்தின் சிலாத்கி என்பதும் இனிப்பே. இரண்டும் உப்பின் வேரிலிருந்து முளைத்தவை. உப்பிட்டது சுவையானது; சுவையானது இனியது; இவ்வாறு ஒரே வேர் ஒரு நாட்டில் கரித்தது, மற்றொரு நாட்டில் தித்தித்தது. இங்கே ஒலி ஒழுங்கு துணை நிற்பதால் பொருள் இத்துணை விலகியும் உறவு உறுதியாகிறது.

தமிழ் இன்னும் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே பொருளுக்கு உப்பு என்றும் உவர் என்றும் இரு பெயர். உப்பு அளவோடு நின்று சுவை தருவது. உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்றும் பொருள். வள்ளுவர் புலவி அதிகாரத்தில் ஊடலை உப்பின் அளவோடு ஒப்பிட்டது இதனால்தான் அத்துணை பொருத்தமாக அமைகிறது. உப்பு அளவில் நின்றால் சுவை. அளவு மீறினால் உவர்.

உப்பின் மேல் விழுந்த கை

உப்பு இனித்த வரலாறு மட்டும் உண்டு என்று எண்ண வேண்டா. அது கைத்த வரலாறும் உண்டு. காஞ்சிப் பல்லவனான சிவசுகந்தவர்மனின் ஃகிரகடகள்ளிச் செப்பேடு பிராகிருத மொழியில் அமைந்தது. கொடை நிலத்துக்கு அளித்த விலக்குகளுள் உப்பு, வெல்லம் ஆகியவை பற்றிய தொல்லை இல்லாமை ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. தொல்லை நீக்கப்பட்டது என்றால் மற்ற ஊர்களில் தொல்லை இருந்தது என்பதே பொருள். 1805இல் கிழக்கிந்தியக் கும்பினி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. 1815இல் பிரெஞ்சுக்காரரோடு ஓர் உடன்படிக்கை: தம் பகுதிகளில் மிஞ்சும் உப்பை அவர்கள் கும்பினிக்கே தர வேண்டும், ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய். கடலும் வெயிலும் தந்த பொருளுக்கு இரண்டு வெள்ளை அரசுகள் பேசிக்கொண்ட விலை அது. 1930 ஏப்ரல் 13இல் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டு வேதாரணியம் நடந்தனர்; ஏப்ரல் 30இல் அங்கே உப்பு அள்ளினர். அன்று முதல் தமிழில் உப்பு என்ற சொல்லுக்கு விடுதலை என்ற பொருளும் சேர்ந்தது. அகராதி அதை எழுதாமல் விட்டிருக்கலாம். மக்கள் நெஞ்சு எழுதிக்கொண்டது. 1947இல் உப்பு வரி நீங்கியது.

கடன் தீர்த்தல்

வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு சொல். சிலேடை பாடுங்கள். சம்பளத்தில் அளத்தைக் காணுங்கள். சாலில் சால்பைக் காணுங்கள். காளமேகம் முதல் நம் காலம் வரை அது புலவர்க்கு உரிய விளையாட்டு. ஆனால் விளையாட்டை வரலாறு என்று மேடையில் சொல்லாதீர்கள். நம் மொழியின் தொன்மைக்கு வலிந்து கட்டிய சான்று தேவையில்லை. வலிந்து கட்டியது ஒருநாள் அவிழும்போது, உண்மையான சான்றையும் உலகம் ஐயுறும். நெல்லுக்கு நேர் உப்பு என்று கூவிய பெண் நம்மிடம் உண்மையாகவே இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு இல்லாத கூலியை ஏன் தேட வேண்டும்?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. உமணர், அளவர் என்ற பெயர்கள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. உப்பளத் தொழிலாளி என்ற பொதுப்பெயர் எஞ்சியிருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதில் காட்டிய ஆர்வத்தில் பாதியையாவது, அச்சொல்லுக்கு உரியவர்களைக் கேட்பதில் நான் காட்டியிருக்க வேண்டும். அவர்கள் கூட்டத்தின் பின்வரிசையில்தான் அமர்ந்திருந்தார்கள்.

ஆகவே, நம் வட்டத்தின் முதற்கூட்டத்தில் நான் கூறிய சொற்பிறப்பைத் திரும்பப் பெறுகிறேன். சம்பளத்தில் உப்பு இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. அதை எனக்கு முதலில் உணர்த்தியவர் அந்த மூதாட்டி. அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. பிறகு அவரைக் காண நேரவே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. ஓர் உண்மையை இட்டவரையும் அவ்வாறே நினைக்கிறேன்.